ஓடு கட்டும் செலவு: கடல்நீர் மாற்றம் பற்றி வாசகர் கேள்விகள்

கடல் அமிலமயமாவதும் சிப்பி, சங்கு, பவளம் போன்ற ஓட்டுயிர்களுக்கு அதனால் என்ன ஆகிறது என்பதும் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில்கள். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கடல் அமிலமாகிவிட்டது என்கிறார்களே, உண்மையா? இறங்கிக் குளித்தால் தோல் எரியுமா?

எரியாது. கடல்நீர் இன்றும் காரம்தான். பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்கு மேல் காரம், கீழே அமிலம். தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பு சராசரியாக 8.2-ஐ ஒட்டி இருந்தது, இன்று 8.1-ஐ ஒட்டி இருக்கிறது. எதிர்பார்க்கக்கூடிய காலத்தில் 7-க்குக் கீழே போகப்போவதும் இல்லை. ‘அமிலமயமாதல்’ என்பது போகும் திசையைச் சொல்கிறது, வந்து சேர்ந்த இடத்தை அல்ல.

0.1 தானே என்று அலட்சியமாக விட முடியாது. பிஎச் மடக்கை அளவு. 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 26 சதவீதம் கூடிவிட்டன என்று பொருள், 0.3 இறங்கினால் இரு மடங்கு. மனித ரத்தத்தின் பிஎச் 7.4-லிருந்து 0.1 இறங்கினாலே மருத்துவர் கவலைப்படுவார்.

காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. இது வெறும் ஊகக் கணக்கல்ல. ஹவாய்க்கு வடக்கே அலோஹா என்ற நிலையத்தில் 1988 முதல் தொடர்ந்து நீரெடுத்து அளந்துவருகிறார்கள். காற்றில் வாயு ஏறும் கோடும் கடலில் பிஎச் இறங்கும் கோடும் எதிரெதிராக நடப்பதை அங்கே நேராகப் பார்க்கலாம்.

கேள்வி: ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கடலில் கார்பன் கூடினால் ஓடு கட்ட மூலப்பொருள் கூடியதாகத்தானே அர்த்தம்? ஓடு தடிக்க வேண்டாமா?

இந்த முறை வந்ததில் மிகக் கூர்மையான கேள்வி இது. பல பாடநூல்கள் இந்த இடத்தை மழுப்பிவிட்டுப் போகின்றன.

கடல்நீரில் கரைந்த கார்பன் மூன்று வடிவில் இருக்கிறது. சுமார் 90 சதவீதம் பைகார்பனேட், 9 சதவீதம் கார்பனேட், மீதி ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கரைந்த வாயு. புதிதாக கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்ததும் நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஒரு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனி சும்மா சுற்றிக்கொண்டிருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்து அதையும் பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. ஆக மொத்தக் கார்பன் கூடுகிறது, பைகார்பனேட் கூடுகிறது. கார்பனேட் மட்டும் குறைகிறது. பிஎச் 8.1-லிருந்து 7.8-க்கு இறங்கும்போது கார்பனேட் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஓடு படியுமா, கரையுமா என்பதை முடிவு செய்வது கால்சியத்தையும் கார்பனேட்டையும் பெருக்கி வரும் தொகை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 0.4 கிராம் கால்சியம் எப்போதும் இருக்கிறது, அதற்குப் பஞ்சமில்லை. அதனால் கார்பனேட்தான் கடிவாளம். அந்தப் பெருக்குத்தொகையை, கனிமத்தின் கரைதிறன் மாறிலியால் வகுத்தால் வருவதைத் தெவிட்டு எண் என்போம். ஆய்வாளர்கள் ஒமேகா என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒமேகா 1-க்கு மேல் இருந்தால் கனிமம் நிலைக்கும், 1-க்குக் கீழே போனால் கரையும். இந்தப் பகுதியில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதென்றால், பிஎச்சை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சிப்பி என்பது சுண்ணாம்புத் துண்டு அல்ல. அதன் மென்னுடலுக்கும் ஓட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. ஓடு வளர்வது அங்கேதான். பைகார்பனேட்டை உள்ளே கொண்டுவந்து, அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளினால் கார்பனேட் கிடைக்கும். உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருப்பது இங்கேதான்: மூலப்பொருள் உண்மையிலேயே நிறைய இருக்கிறது. ஆனால் வெளியே ஏற்கெனவே ஹைட்ரஜன் அயனி மிகுந்திருக்கும்போது உள்ளிருப்பதை வெளியே தள்ள ஆற்றல் அதிகம் பிடிக்கும். அந்த ஆற்றல் உணவிலிருந்து வர வேண்டும். ஓடு கரைந்து போகிறது என்பதைவிட ஓடு கட்டும் செலவு ஏறிவிட்டது என்பதே பெரும்பாலான உயிர்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: எல்லா ஓடுகளும் ஒன்றுதானா? எது முதலில் அடிபடும்?

ஒன்றல்ல. கால்சியம் கார்பனேட் என்ற ஒரே சேர்மம் வெவ்வேறு படிக வடிவங்களில் வருகிறது. கால்சைட் உறுதியானது. அரகோனைட் அதைவிட சுமார் ஒன்றரை மடங்கு கரையக்கூடியது. மக்னீசியம் மிகுந்த கால்சைட், அரகோனைட்டைவிடவும் எளிதில் கரையலாம்.

பவளங்களின் எலும்புக்கூடும் பெரும்பாலான சங்கு, நத்தை ஓடுகளும் அரகோனைட். முத்துச்சிப்பிக்கு வெளியடுக்கு கால்சைட், உள்ளே மின்னும் முத்தடுக்கு அரகோனைட். கடல் முள்ளெலி, நட்சத்திர மீன், பாறைகளில் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசி ஆகியவை மக்னீசியம் மிகுந்த வகை. வளர்ந்த ஆளியின் (உணவுக்காக வளர்க்கும் ஒரு சிப்பி வகை) ஓடு பெரும்பாலும் கால்சைட். அதே ஆளி லார்வாவாக இருக்கும்போது கட்டுவது அரகோனைட். குஞ்சு, தாயைவிட எளிதில் கரையும் பொருளில் வீடு கட்டத் தொடங்குகிறது. இதை மறந்துவிட்டு வளர்ந்த சிப்பியை மட்டும் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்கள் அதிகம்.

இடமும் முக்கியம். குளிர்ந்த நீர் வாயுவை அதிகம் பிடித்துவைக்கும் என்பதால் துருவக் கடல்களில் ஒமேகா முதலில் 1-ஐத் தொடும். அங்கே திரளாக வாழும் ‘கடல் பட்டாம்பூச்சி’ எனப்படும் டெரோபாட் நத்தைகளின் அரகோனைட் ஓடு, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. 2100-இல் எதிர்பார்க்கப்படும் வேதியியல் கொண்ட நீரில் அந்த ஓட்டை வைத்தபோது 45 நாளில் பெரும்பாலும் கரைந்தது. ஆய்வகத்தில் மட்டுமல்ல, தென்முனைக் கடலிலிருந்து உயிருடன் பிடித்த டெரோபாட்களின் ஓட்டிலேயே அரிப்பு இருந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. முதலில் தெளிவான ஓடு பால்போல மங்கும். பிறகு வளர்ச்சிக் கோடுகளை ஒட்டிச் சொரசொரப்பு வரும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் மேலடுக்கு உரிந்து அடியில் உள்ள படிகக் குச்சிகள் வெளியே தெரியும்.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வினிகரில் சிப்பி ஓடு போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறோம். சரிதானா?

நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தவறான பாடம் நடத்தும். வினிகரின் பிஎச் சுமார் 2.5. கடல்நீரோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜன் அயனி பல லட்சம் மடங்கு. பார்க்கும் பிள்ளைகள் ‘கடல் இப்படி ஆகப்போகிறது’ என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நூறு நூறு மில்லி கடல்நீர். இரண்டிலும் ஃபீனால் ரெட் (பிஎச் மாறினால் நிறம் மாறும் நிறங்காட்டி) சில சொட்டு. நீர் சிவப்பாக நிற்கும். ஒன்றில் மட்டும் உறிஞ்சுகுழல் வழியாக மெதுவாக மூச்சை ஊதுங்கள். நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம். நிறம் ஆரஞ்சாகி மஞ்சளுக்குப் போகும். ஊதுபவர் குழலை உறிஞ்சிவிடக் கூடாது. குழலின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டால் தவறிப்போய் உறிஞ்சினாலும் நீர் மேலே ஏறாது. பிறகு அதே குவளையில் மீன்தொட்டிக் காற்றுக்குழாயை விட்டால் நிறம் மெல்லத் திரும்பும். காற்றும் நீரும் வாயுவைப் பரிமாறிக்கொள்கின்றன என்பது இதில் கண்ணுக்குத் தெரியும். குழாய்நீரில் செய்தால் இதே முடிவை எதிர்பார்க்காதீர்கள். அதன் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தணிக்கும் திறன், ஊருக்கு ஊர் மாறும்.

ஓடு கரைவதையும் காட்ட வேண்டுமென்றால் சோடா நீர் வினிகரைவிட நேர்மையானது. அதில் இருப்பதும் அதே கார்பானிக் அமிலம்தான். ஆனால் பிஎச் 4-ஐ ஒட்டியது, கடலைவிட மிகக் கடுமையானது என்பதை அட்டையில் எழுதி ஒட்டுங்கள். ஒரே இன ஓடுகளை எடுத்து, ஒரே அளவுள்ள துண்டுகளாக உடைத்து, நல்ல நீரில் கழுவி, இரண்டு நாள் உலர்த்தி, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை போடுங்கள். பாதியைச் சோடாவிலும் பாதியைக் கடல்நீரிலும் மூடிய புட்டியில் வையுங்கள். சோடாவை நாள்தோறும் மாற்ற வேண்டும். கரையும் ஓடே நீரின் அமிலத்தைத் தணித்துவிடும் என்பதால், மாற்றாமல் விட்டால் கரைவது நின்றுபோகும். ஒரு வாரம் கழித்துக் கழுவி உலர்த்தி மறுபடி எடை. கடல்நீர்த் துண்டுகளின் எடை கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், உப்பைச் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். முழு ஓட்டை வைத்தால் வெளித்தோல் காப்பாற்றிவிடும். அதனால்தான் உடைத்த துண்டுகள்.

கேள்வி: ஆளிக் குஞ்சு பொரிப்பகத்தில் லார்வாக்கள் இரண்டாம் நாளே கூட்டமாக இறக்கின்றன. நோய்க்கிருமி எதுவும் சிக்கவில்லை. நீரின் வேதியியல் காரணமாக இருக்குமா? என்ன செய்யலாம்?

இருக்கலாம். இதற்குப் பெயர்பெற்ற முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் கரையில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி கிரீக் பொரிப்பகத்தில் 2007, 2008 ஆண்டுகளில் பசிபிக் ஆளி லார்வாக்கள் பெருமளவில் மடிந்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியாவைத்தான் சந்தேகித்தார்கள். நீரைச் சுத்திகரித்தும் சாவு நிற்கவில்லை. கோடைக் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறி வரும். பல பத்தாண்டுகள் காற்றைப் பார்க்காத அந்த நீரில், மட்கிய உயிர்ப்பொருள் விட்ட கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். அதோடு நாம் சேர்த்த பங்கும் சேர்ந்துகொண்டது. அந்த நீர் தொட்டிக்குள் வந்த நாட்களும் லார்வாக்கள் தேறாத நாட்களும் பொருந்தின.

இரண்டாம் நாள் என்று நீங்கள் சொல்வது கவனிக்க வேண்டிய குறிப்பு. கருவுற்ற முட்டை ஓரிரு நாளுக்குள் ஆங்கில டி எழுத்து வடிவில் முதல் ஓட்டைக் கட்டிவிட வேண்டும். அந்த ஓட்டின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் மளமளவென்று படிகிறது. லார்வாவின் உடல் எடையில் பெரும்பங்கு அந்த ஓடுதான். அப்போது அதற்கு உண்ணும் உறுப்புகள் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. முட்டையில் தாய் வைத்த கொழுப்புதான் சோறு. ஓடு படியும் இடமும் அந்தக் கட்டத்தில் வெளிநீரிலிருந்து சரியாக மூடப்பட்டிருக்காது. நீர் பாதகமாக இருந்தால் கொழுப்பு ஓட்டுக்கே செலவாகிவிடும். நீந்தவும் உண்ணவும் தெம்பு மிஞ்சாது. சில லார்வாக்கள் அப்போதே சாகும். சில ஒரு வாரம் இழுத்துக்கொண்டு கிடந்து, வளராமல் போகும். இரண்டாம் வகைதான் உரிமையாளரை ஏமாற்றும். ‘தீனி சரியில்லை’ என்று நினைத்துப் பாசியைக் கூட்டுவார்.

முதலில் உறுதிப்படுத்துங்கள். நுண்ணோக்கியில் டி வடிவ லார்வாக்களைப் பாருங்கள்: கீல் விளிம்பு நேராக இல்லாமல் குழிந்திருப்பது, ஓட்டு விளிம்பு பற்கள் போல ஒழுங்கற்றிருப்பது, மென்னுடல் ஓட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பது ஆகியவை ஓடு சரியாக அமையவில்லை என்பதைக் காட்டும். செம்பு போன்ற உலோக நச்சும் இதே மாதிரி ஊனத்தைத் தரும் என்பதால் குழாய், வால்வு பொருத்துகளையும் பாருங்கள். நீரின் காரத்தன்மையையும் பிஎச்சையும் அளந்து ஒமேகாவைக் கணக்கிடுங்கள். அரகோனைட்டுக்கு 1-க்கு மேல் இருந்தாலே போதும் என்பது லார்வாவுக்குப் பொருந்தாது. 1.5-க்குக் கீழே இருந்தால் விளைச்சலை நம்ப வேண்டாம். 2-க்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

செலவில்லாத வழி, நீர் ஏற்றும் நேரத்தை மாற்றுவது. கடற்புல்லும் பாசியும் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடை இழுப்பதால் ஆழமில்லாத விரிகுடாவில் பிஎச் பிற்பகலில் உச்சத்தில் இருக்கும், விடியற்காலையில் அடிமட்டத்தில். அதிகாலையில் தொட்டி நிரப்பும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். விஸ்கி கிரீக்கில் செய்த முதல் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து காற்றூட்டல். உள்ளே வரும் நீரில் வாயு மிகுந்திருந்தால் சாதாரணக் காற்றை நன்றாக ஊதினாலே ஒரு பகுதி வெளியேறும். ஊதுகருவியின் காற்று வெளியிலிருந்து வரவேண்டும். ஆட்களும் தொட்டிகளும் நிறைந்த மூடிய அறைக்குள்ளிருந்து எடுத்தால், அந்த அறையில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடையே திரும்ப நீருக்குள் அனுப்புகிறீர்கள். தீனிப் பாசி வளர்ப்பில் கார்பன் டை ஆக்சைடு ஊதுகிறீர்கள் என்றால், அந்தப் பாசிநீரை ஊற்றும் முன் அதன் பிஎச்சையும் பாருங்கள்.

இவை போதாதபோதுதான் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. ஆயிரம் லிட்டருக்கு சுமார் 10.6 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட், காரத்தன்மையை லிட்டருக்கு 0.2 மில்லி சமானம் உயர்த்தும். ஒமேகா தோராயமாக 1 கூடும். துல்லியமான கூடுதல் உங்கள் நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பொறுத்தது, அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சமையல் சோடா வேண்டாம். அது பைகார்பனேட், காரத்தன்மை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவே கார்பனும் கூடுவதால் ஒமேகா பெரிதாக அசையாது. பலர் மலிவாகக் கிடைக்கிறதென்று அதைக் கொட்டிவிட்டு ‘சோடா முறை வேலை செய்யவில்லை’ என்று கைவிட்டிருக்கிறார்கள்.

கரைசலை நல்ல நீரில் தயாரியுங்கள். கடல்நீரில் கரைத்தால் வெண்மையாகத் திரியும். அந்தத் திரிவுதான் நீங்கள் சேர்க்க நினைத்த காரம், வண்டலாக வீணாகிறது. தொட்டியில் ஒரேயடியாக ஊற்றினாலும் அதே கதி. உள்வரும் குழாயில், நீர் சுழலும் இடத்தில், சொட்டுச் சொட்டாக விடும் பம்பு வைப்பது உத்தமம். முட்டையும் லார்வாவும் உள்ள தொட்டியில் நேராக விடாதீர்கள். முந்தைய தொட்டியில் கலந்து, பிஎச் நிலைத்த பிறகு அனுப்புங்கள். இலக்கு பிஎச் 8.2-ஐ ஒட்டி இருந்தால் போதும். அதிகம் ஏற்றினால் கழிவு அம்மோனியா நச்சு வடிவுக்கு மாறி, புதிய தொல்லையைக் கொடுக்கும்.

கேள்வி: பிஎச் பேனா ஒன்று வாங்கினால் போதுமா?

மீன்தொட்டிக்குப் போதும். இதற்குப் போதாது. சாதாரணப் பேனாவின் பிழையே 0.1 வரை போகும். இருநூறு ஆண்டுகளில் கடல் மாறியதும் அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பேனாவோடு வரும் 4, 7, 10 கரைசல்கள் உப்பில்லாதவை. அவற்றில் சரிபார்த்த மின்முனையைக் கடல்நீரில் விட்டால் வாசிப்பு கடல்நீருக்கான அளவுகோலிலிருந்து 0.1-க்கும் மேல் விலகும். கடல்நீர் அடிப்படையில் செய்த, டிரிஸ் எனப்படும் தாங்கல் கரைசலில் சரிபார்க்க வேண்டும். வெப்பமும் படுத்தும்: ஒரே நீரை ஒரு டிகிரி சூடாக்கினால் பிஎச் சுமார் 0.015 இறங்கும். காலையில் எடுத்த நீரை ஐந்து டிகிரி கூடுதல் வெப்பமுள்ள அறையில் அளந்தால் 0.07 அளவுக்குப் பொய்.

பிஎச், மொத்தக் காரத்தன்மை, மொத்தக் கரைந்த கார்பன், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் ஆகிய நான்கில் இரண்டைத் தெரிந்துகொண்டால், வெப்பம், உப்புத்தன்மையோடு சேர்த்து மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். சிஓ2சிஸ் என்ற இலவச நிரல் அதைச் செய்யும். பெரும்பாலோருக்கு எளிது: நிறங்காட்டியைக் கொண்டு நிறமாலைமானியில் பிஎச், அமிலத் தரம்பார்ப்பில் காரத்தன்மை. ஒரு பண்ணைக்கு 0.02 துல்லியம் போதும். பத்தாண்டுப் போக்கைக் காட்ட விரும்பும் ஆய்வகத்துக்கு 0.003 வேண்டும். ஆசைப்பட்டு இரண்டாவதை வாங்கிவிட்டுப் பராமரிக்க முடியாமல் போவதைவிட முதலாவதை ஒழுங்காகச் செய்வது மேல்.

நீர் மாதிரியைப் போரோசிலிகேட் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். குழாயை அடி வரை விட்டு, குமிழி வராமல் நிரப்பி, ஒரு புட்டி அளவு வழியவிடுங்கள். மேலே விரிவதற்குச் சிறிதளவு காற்றிடம். உடனே அளக்க முடியாவிட்டால் 500 மில்லிக்கு 0.1 மில்லி தெவிட்டிய மெர்குரிக் குளோரைடு சேர்த்தால்தான் நுண்ணுயிர்கள் வேதியியலை மாற்றாமல் இருக்கும். அது கடும் நச்சு. கையுறை கட்டாயம், சாக்கடையில் ஊற்றக் கூடாது. இதற்கு வசதியில்லையென்றால் மாதிரியைச் சேமிக்காமல் அங்கேயே அளந்துவிடுங்கள்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: தொட்டியின் பிஎச்சைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றாதீர்கள். அது காரத்தன்மையைக் குறைக்கும். மொத்தக் கார்பன் ஏறாது. உண்மையில் நடப்பது இதற்கு மாறானது: காரத்தன்மை அப்படியே இருக்க, கார்பன் ஏறுகிறது. கார்பன் டை ஆக்சைடை ஊதிக் குறைப்பதே சரி.

கேள்வி: நண்டும் இறாலும் இந்த நீரில் இன்னும் நன்றாக ஓடு கட்டுகின்றன என்று படித்தேன். அப்படியானால் இதெல்லாம் வீண் பயமா?

நீங்கள் படித்தது உண்மை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 ஓட்டுயிர்களை நான்கு விதமான கார்பன் டை ஆக்சைடு அளவுகளில் வளர்த்தார்கள். பத்து இனங்களில் ஓடு படிவது குறைந்தது. நீல நண்டு, சிங்க இறால், இறால் மூன்றிலும் கூடியது. ஒருவகைக் கல்லுமேல்காய் (பாறையில் ஒட்டி வாழும் சிப்பி வகை) எதையும் கண்டுகொள்ளவில்லை. நண்டு, இறால் வகையினருக்குத் தங்கள் உடல்நீரின் அமில-காரச் சமநிலையைக் கட்டுப்படுத்தும் திறன் அதிகம். ஓட்டின் மேல் உறையும் உண்டு. ஆளி, மட்டி வகையினருக்கு அந்தத் திறன் குறைவு. ஓட்டை நெடுநேரம் மூடிக்கொண்டிருக்கும்போது தன் மூச்சால் சேரும் அமிலத்தைத் தணிக்கத் தன் ஓட்டின் உட்புறத்தையே கொஞ்சம் கரைத்துக்கொள்ளும் உயிர் அது.

ஆனால் ஓடு தடித்தால் உயிர் செழிக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. 2008-இல் நட்சத்திர மீனுக்கு உறவான பாம்பு நட்சத்திரம் ஒன்றில் செய்த சோதனையில் அமிலம் கூடிய நீரில் சுண்ணாம்புப் படிவு கூடியது. கூடவே கைகளின் தசை மெலிந்தது. எலும்பைக் காப்பாற்றத் தசையை விற்றது போலத்தான். எதைக் காப்பாற்ற எதை விட்டது என்று பார்க்காமல் ஓட்டின் எடையை மட்டும் பார்க்கும் ஆய்வுகளை நான் அரைகுறை என்றே சொல்வேன்.

ஓட்டோடும் முடிவதில்லை. கல்லுமேல்காய் பாறையைப் பற்றிக்கொள்ளும் நூல்களில் சுண்ணாம்பே கிடையாது, அது புரதம். 2013-இல் வந்த ஆய்வு, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீரில் அந்தப் பிடிப்பின் வலிமை 40 சதவீதம் வரை குறைவதைக் காட்டியது. ஓடு நன்றாக இருந்தும், அலை அடித்தால் கயிற்றிலிருந்து உதிரும். கயிற்று வளர்ப்பு செய்பவர்கள் இதை மனதில் வைக்கலாம்.

கேள்வி: உயிர்கள் பழகிக்கொள்ளாதா? பரிணாமம் எதற்கு இருக்கிறது?

சில பழகும். ஜெர்மனியின் கீல் விரிகுடாவில் இயற்கையாகவே கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீரில் கல்லுமேல்காய்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. அங்கே தீனி ஏராளம் என்பதே ரகசியம். செலவு ஏறினாலும் வரவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி பாறை ஆளிகளில் வேகமாக வளர்வதற்கும் நோய் தாங்குவதற்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த வகை, காட்டு வகையைவிட இந்த நீரையும் நன்றாகத் தாங்கியது. பண்ணைக்காரர்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி.

ஆனால் கடலடியில் எரிமலை வாயு குமிழியிடும் இடங்கள் பன்னெடுங்காலமாக இருக்கின்றன. பழகியிருக்க வேண்டுமென்றால் அங்கே பழகியிருக்க வேண்டும். இத்தாலியின் இஸ்கியா தீவருகே பிஎச் இறங்க இறங்க இனங்கள் குறைகின்றன, நத்தைகளின் ஓடு அரிக்கப்பட்டிருக்கிறது. பாப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவில் 7.8 அருகே கிளைத்த பவளங்கள் அருகி, உருண்டைப் பவளங்கள் மட்டும் மிஞ்சுகின்றன, 7.7-க்குக் கீழே பவளப்பாறையே அமைவதில்லை.

கேள்வி: சிப்பி வளர்த்தால் ஓட்டில் கார்பன் சிறைப்படுமே. அதையே தீர்வாக்கலாமே?

ஆகாது. ஓடு படியும்போது இரண்டு பைகார்பனேட்டில் ஒன்று ஓட்டுக்குப் போகும், இன்னொன்று கார்பன் டை ஆக்சைடாக நீருக்குத் திரும்பும். ஓடு கட்டுவது நீரின் காரத்தன்மையையும் குறைக்கிறது. சிப்பி வளர்க்க வேறு நூறு நல்ல காரணங்கள் உண்டு, இதைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஓட்டைத் திரும்பக் கடலில் கொட்டினால்?

சேற்றுப் படுகைகளில் பலன் உண்டு. மட்டிக் குஞ்சு வந்து அமரும் சேற்றின் மேல் சில மில்லிமீட்டரில், மட்கும் பொருளால் ஒமேகா 1-க்குக் கீழே போவது சாதாரணம். நொறுக்கிய ஓட்டைத் தூவினால் அது முதலில் கரைந்து அந்த மெல்லிய அடுக்கைத் தணிக்கும். குஞ்சுகள் கூடுதலாகத் தங்கும். திறந்த கடலின் மேற்பரப்பில் கொட்டினால் பயனில்லை: அங்கே இன்னமும் ஒமேகா 1-க்கு மேல், ஓடு கரையாமல் அடியில் போய்க் கிடக்கும்.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்த்த சங்கு, சிப்பிகளில் சிலவற்றின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. ஓட்டை விரல்நகத்தால் கீறினால் உதிர்கிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடியதால்தானா?

இல்லை. குற்றவாளி அலமாரி. உலர்ந்த ஓட்டைக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தொடாது. மரம், குறிப்பாக ஓக், பிளைவுட், மட்டமான அட்டை ஆகியவை அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை மெல்ல விடும். மூடிய இழுப்பறையில் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த ஆவி ஓட்டைத் தாக்கி, உப்பாக மேலே பூக்கும். பைன் நோய் என்று பெயர். 1899-இல் இதை விவரித்த பைன் என்பவர் பாக்டீரியா வேலை என்று நினைத்தார். நோயல்ல, வெறும் வேதியியல் என்பது பிறகு தெளிவானது.

பூத்தவற்றை முதலில் தனியாக எடுங்கள். உப்பு நீரில் கரையும் என்பதால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, இடையில் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி, மென்மையான தூரிகையால் தேய்த்து, முழுதும் உலரவிடுங்கள். அரித்துப்போன பளபளப்பு திரும்பாது. மேற்கொண்டு பரவுவது நிற்கும். எண்ணெய் பூசி மறைக்க வேண்டாம். பழைய இழுப்பறைக்கே திரும்ப வைத்தால் மறுபடி பூக்கும். இரும்பு அலமாரி, பாலிபுரொப்பிலீன் பெட்டி, அமிலமற்ற தாள் நல்லது. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்து, பெட்டியில் காற்றுப் போக வழிவிடுங்கள். பெயர்ச்சீட்டையும் மாற்றுங்கள், பழைய சீட்டின் தாளே அமிலம் விடும். எழுதியிருப்பதைப் படியெடுத்துக்கொண்டு பழையதைத் தனி உறையில் போட்டுவையுங்கள்.